சீரான மண்

ஜெஸிந்தாவுக்கு அன்று காலையிலிருந்தே உடம்பு முடியவில்லை. குன்னூரில் தங்கை மகள் கல்யாணத்தில் இரண்டு நாள் நின்றதில் கால் வீங்கியிருந்தது. ஓய்வு பெற இன்னும் மூன்று மாதம். குளிரறையில் இருக்கும் நாற்பத்தெட்டுப் பொட்டலச் சேற்றை இன்றைக்கு ஐதராபாத் சோதனைக்கூடத்துக்கு அனுப்பிவிட்டால், அப்புறம் எக்கேடு கெட்டாலும் படுத்துத் தூங்கலாம்.

பெர்ன்ஹில் மலைமேட்டில் இருக்கும் மண்ணாய்வுக்கூடத்துக்கும் கடலுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்காத ஆளில்லை. சேறு கெடாமலிருக்கக் குளிர் வேண்டும், வேறொன்றுமில்லை. ஒன்பது வருடம் முன்பு தூத்துக்குடிக்கு அப்பால் ஒரு குட்டித் தீவில் குழாயை இறக்கி எடுத்தது. விரற்கடை விரற்கடையாக நறுக்கி, மேலிருந்து கீழாக எண் போட்டு வைத்திருந்தாள். அடியில் பழைய காலம், மேலே புதுக் காலம். பவளப்பாறையை வெட்டியதால் தீவு கரைந்ததா, கடல் எப்போதுமே அப்படித்தானா என்று அந்த வரிசை மட்டுமே சொல்லும். அதைச் சோதிக்க அனுமதிக் காகிதம் வரத்தான் இத்தனை வருடம்.

குளிரறைக் கதவைத் திறந்தால், மேசையில் விரித்த தார்ப்பாயில் சேறெல்லாம் ஒரே குவியல். பக்கத்தில் கரண்டியோடு காளிமுத்து. எமரால்டு ஊர்ப்பக்கம் தேயிலை பேக்டரியில் பத்தொன்பது வருடம் இருந்துவிட்டு, அது மூடியதும் இங்கே உதவியாளாக வந்தவர்.

“வாங்கம்மா. பொட்டலம் ஒவ்வொண்ணும் ஒவ்வொரு நிறமா இருந்துச்சுங்க. ஒண்ணு கறுப்பு, ஒண்ணுல வெறும் சிப்பி. இப்படியே அனுப்புனா நொட்டை சொல்லிப்போடுவாங்கன்னு, நேத்து லீவுன்னாலும் வந்து பல்க் பண்ணிப்போட்டனுங்க. எங்கே அள்ளுனாலும் ஒரே சீரா இருக்கும் பாருங்க.”

பேக்டரியில் மூட்டை கட்டும் முன் தூளையெல்லாம் ஒன்றாகக் கொட்டிக் கலப்பார்கள். கலக்காத சரக்கு வாசல் தாண்டாது. பத்தொன்பது வருடம் பழகிய கை வேறென்ன செய்யும்? சாவியைக் கொடுத்துவிட்டுப் போனவள் இவள்தானே. கத்த வாயைத் திறந்தாள், கத்தவும் தெம்பில்லை. ஸ்டூலில் உட்கார்ந்து, அந்த வரிசை எதற்கென்று சொன்னாள்.

காளிமுத்துவின் முகம் செத்துவிட்டது.

“மறுபடி அந்தத் தீவுக்கே போயி எடுத்துக்கலாங்களாம்மா? நானும் வர்றனுங்க.”

“தீவு இல்லீங்க. போன வருஷமே முழுசா கரைஞ்சு மூழ்கிப்போச்சு.”

காளிமுத்து கரண்டியால் குவியலின் ஓரத்தை ஒதுக்கினார். பிறகு அவரே மெதுவாகக் கேட்டார். “இதையே நாப்பத்தெட்டாப் பிரிச்சுக் கட்டிரட்டுங்களா? யாருக்குங்க தெரியப்போகுது?”

யாருக்கும் தெரியாது. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது. பாறையை வெட்டும் முன்னும் பின்னும் தீவில் ஒரு மாற்றமும் இல்லை என்று மெஷின் சொல்லும். வெட்டினவர்கள் அந்த அறிக்கையைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டிக்கொள்வார்கள். இவளும் போய் நிம்மதியாகப் படுக்கலாம். பாழாய்ப்போன ஆசை, ஒரு நிமிஷம் வந்தேவிட்டது.

போனை எடுத்து ஐதராபாத்துக்கு அடித்தாள்.

“சார், ஜெஸிந்தா பேசறேன். சேறு வராது. நான் ஊர்ல இல்லாதப்ப எல்லாம் ஒண்ணாக் கலந்துபோச்சு. என் கவனக்குறைவுதான்.”

அந்தப் பக்கம் ஏதோ கேட்டார்கள்.

“இல்ல சார், மிச்சம் எதுவும் எடுத்து வைக்கல. அந்தத் தீவுல மிஞ்சியிருந்ததே அவ்வளவுதான்.”