சேற்றில் போட்ட கோல்

என் கழுத்துக்கு மேலே இருப்பதை மூளைக்கான இடம் என்று யாரும் தப்பாக நினைத்ததில்லை. அது பந்தை முட்டுவதற்குக் கடவுள் கொடுத்த சாமான் என்பதுதான் ஜாக்மெல் ஊரின் ஒருமித்த முடிவு. அதனால் ஃப்ரிட்ஸ்னர் என்று வைத்த பெயரைப் பெற்றவளே மறந்துபோய், ஊரோடு சேர்ந்து என்னைக் 'கெடா' என்றே கூப்பிட்டாள்.

காலால் போட்ட கோல்கள் எனக்கு நினைவில்லை. பார்த்தவர்களும் மறந்துவிட்டால் நல்லது. தலையால் போட்டவை நிறைய. அதில் ஒன்றை நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது.

தேசிய அணிக்காகத் தலைநகரில் ஆடிய ஆட்டம் அது. எதிரே எங்களைவிடப் பத்து மடங்கு பெரிய நாடு. மேலே பேய்மழை. பாதி ஆட்டம் முடிவதற்குள் மைதானத்தில் இருந்த அத்தனை பேரும் சேற்றுப் பொம்மைகளாகிவிட்டோம். சட்டையின் எண்ணும் தெரியவில்லை, நிறமும் தெரியவில்லை. முடியப் போகிற நேரத்தில் ஒரு கார்னர். எகிறினேன், முட்டினேன், பந்து வலைக்குள் போனது. சேற்றிலிருந்து எழுந்தபோது என் மூக்கு ஒரு பக்கமாகத் திரும்பியிருந்தது.

வானொலி வர்ணனையாளர் 'டோர்வில்! டோர்வில்!' என்று தொண்டை கிழியக் கத்தினாராம். வழக்கம்போல அன்றைக்கும் கரண்ட் இல்லை. டிவியும் இல்லை, படமும் இல்லை. எங்கள் நாட்டுக்கு அன்றிருந்த ஒரே கண் பேட்டரி ரேடியோ. அது டோர்வில் என்றால் டோர்வில்தான்.

வெஸ்னர் டோர்வில் எங்கள் அணியில் வலது ஓரம் ஆடியவன். எண்ணெய் போட்டு அலையலையாகப் படியவைத்த முடி. பந்து கொஞ்சம் உயரமாக வந்தால் மகாராஜாவுக்கு வழிவிடுவதுபோலக் குனிந்துகொள்வான். அவனைத்தான் ஜனங்கள் தோளில் தூக்கிக்கொண்டு போனார்கள். 'நான் இல்லை' என்று இறங்கிச் சொல்வான் என மூக்கில் பஞ்சை அடைத்துக்கொண்டு காத்திருந்தேன். பஞ்சை எடுத்தாகிவிட்டது. காத்திருப்பது மட்டும் நிற்கவில்லை.

பிரான்சிலிருந்து ஒரு கிளப்காரர் 'அந்தத் தலை'யைத் தேடி வந்து அவனைக் கூட்டிப் போனார். ஒரு சீசன் முழுக்க அந்தத் தலை பந்தைத் தொடவேயில்லையாம், திருப்பி அனுப்பிவிட்டார்கள். நிஜமான தலையோ எல்லைக்கு அந்தப் பக்கம், கரும்புக் காட்டை வெட்டிச் சமன்செய்த மைதானத்தில், ஒரு சர்க்கரை ஆலை அணிக்காக முட்டிக்கொண்டிருந்தது. முழங்கால் விட்டுப்போனதும் ஊருக்குத் திரும்பினேன். நான் ஒன்றும் வாயை மூடிக்கொண்டு இருக்கவில்லை. போன இடமெல்லாம் சொன்னேன். "பாவம், அடிபட்ட தலை" என்று ரம் ஊற்றிக் கொடுத்தார்கள். கூட ஆடியவர்களில் பாதிப் பேர் மயாமியில் டாக்ஸி ஓட்டுகிறார்கள். மீதிப் பேருக்கு டோர்வில் வேலை போட்டுக் கொடுத்திருக்கிறான்.

இந்த வருஷம் அவன் எம்.பி. தேர்தலில் நின்றான். சுவரெல்லாம் அவன் தலை, தலைமேல் ஒரு பந்து. 'நாட்டைக் காத்த தலைக்கே ஓட்டு' என்று பாட்டுப் போட்டுக்கொண்டு லாரி ஒன்று தெருத்தெருவாக வந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை என்னிடம் ஆள் அனுப்பினான். ஞாயிறு கூட்டத்தில் மேடையேறி, பந்தைக் கொடுத்தது நான், கோல் போட்டது டோர்வில் என்று சொல்ல வேண்டும். சொன்னால் மாவட்ட விளையாட்டு அதிகாரி வேலை. மறுநாள் அவனே நேரில் வருவான். நான் உள்ளே கூப்பிட்டால் சம்மதம் என்று எடுத்துக்கொள்வான். ஆள் போனதும் என் மனைவி இமாகுலா ஒழுகும் கூரையை ஒருமுறை அண்ணாந்து பார்த்தாள்.

சனிக்கிழமை மதியம் பக்கத்து வீட்டு ஒதிலோனோடு முற்றத்தில் டோமினோ ஆடிக்கொண்டிருந்தேன். தோற்றவன் முகத்தில் துணி மாட்டும் கிளிப்பைக் குத்துவது எங்கள் வழக்கம். என் இரண்டு காதிலும் கிளிப் நிறைந்து, ஒதிலோன் என் தாடையில் குத்த ஆரம்பித்திருந்தான். அப்போது கேட்டுக்கு வெளியே கார் நின்றது. பின்னாலேயே அவன் தலை அச்சடித்த பனியன்களோடு ஒரு கூட்டம்.

"கௌரவம்!" என்று குரல் வந்தது.

யார் வீடானாலும் கேட்டில் நின்று அப்படித்தான் குரல் கொடுக்க வேண்டும். உள்ளேயிருந்து 'மரியாதை' என்று பதில் வந்தால்தான் காலை உள்ளே வைக்கலாம். பாதிரியாருக்கும் அதே சட்டம்தான். நான் பதில் சொல்லவில்லை. எழுந்து கேட்டுக்குப் போனேன். கிளிப்புகளைக் கழற்ற வேண்டும் என்று தோன்றவே இல்லை.

"டேய் கெடா, வெயில்ல நிக்க வைக்கிறியேடா. ஒரு வார்த்தைதானே."

"கோல் போட்டது யாருன்னு நீ ஒரு வார்த்தை சொல்லு. அப்புறம் நான் சொல்றேன்."

அவன் கேட்டுக் கம்பிக்கு அருகே வாயைக் கொண்டுவந்தான். "நீதான்டா போட்ட. எனக்குத் தெரியாதா? நாடே என் பேரைக் கேட்டுத் தொலைச்சிருச்சு, நான் என்ன பண்ணட்டும்?"

"இதையே கொஞ்சம் சத்தமாச் சொல்லு."

அவன் சிரித்துக்கொண்டே கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினான். "பாவம்ப்பா. அந்தக் காலத்துல உசரமா வர்ற பந்தையெல்லாம் இவன்தான் முட்டுவான். எங்க யாருக்கும் விட மாட்டான். முட்டி முட்டிக் காதே போயிருச்சு. பாருங்க, கிளிப்பு மாட்டி வச்சிருக்கான்."

எல்லோரும் சிரித்தார்கள். வாழைக்காய் வறுத்துக்கொண்டிருந்த இமாகுலா கரண்டியோடு வந்தாள். குரலை உயர்த்தவில்லை.

"எல்லாப் பந்தையும் இவருதான் முட்டுனாரா? அப்போ உங்க தலை எந்தப் பந்தை முட்டுச்சு?"

சிரிப்பு நின்றது. பிறகு, அவன் பனியனைப் போட்டிருந்த ஒரு பெண்மணிக்கு முதலில் பொத்துக்கொண்டு வந்தது. அவளைப் பார்த்து மற்றவர்களுக்கும்.

டோர்வில் இன்னொரு தடவை 'கௌரவம்' என்றான். குரலில் காற்றுத்தான் இருந்தது. எனக்கு இந்தக் கேடுகெட்ட இளகின மனசு ஒன்று உண்டு. பதில் பல்வரைக்கும் வந்துவிட்டது. இமாகுலா என்னைப் பார்த்தாள். விழுங்கினேன். கார் கிளம்பிப் போனது.

அவன் நல்ல வித்தியாசத்தில் ஜெயித்தான். விளையாட்டு அதிகாரி வேலை அவன் மச்சினனுக்குப் போனது. மழை வந்தால் இமாகுலா சூப்புச் சட்டியை ஒரு முழம் நகர்த்தி வைக்கிறாள். என்னை ஒரு வார்த்தை சொன்னதில்லை. வெற்றிப் பாட்டோடு அந்த லாரி இன்னும் சுற்றுகிறது. எங்கள் தெருவுக்குள் வந்து, 'தலை' என்ற வரி நெருங்கும்போது மட்டும் டிரைவர் சத்தத்தைக் குறைத்துவிடுகிறான்.

ஒதிலோனுக்கு அதில் ஏகப் பெருமை. ஒரு தெருவே உன் பக்கம் இருக்கு, அப்புறமும் ஏன்டா மூஞ்சியைத் தூக்கி வச்சிருக்கே என்று கேட்டான்.

"நான் அந்தக் கோலை இந்தத் தெருவுக்காகவா போட்டேன்?" என்றேன்.