கவிழ்த்து வைத்த ரம்பம்

தானே புயல் எங்கள் வாசல் கதவைப் பிய்த்துப்போன பிறகு, நானும் என் பெண்டாட்டி ஜான்சியும் வாசலில் சேலையைத் தொங்கவிட்டுத்தான் உறங்கினோம். விழுந்த பலாமரத்தைப் பலகையாக்கி வைத்திருந்தேன். ஓரம் நேராக அறுபட்டால்தான் கதவு சேரும். கையில் பிடித்து அறுக்கும் கரண்ட் வட்ட ரம்பத்தைக் கவிழ்த்து, மேசைக்கு அடியில் முடுக்கி, மேசைப் பிளவு வழியே பல் மேலே தெரிய நிறுத்தினேன். பலகை கோணாமல் போகப் பக்கத்தில் ஒரு சட்டமும் அடித்தேன்.

பழக்கத்தில் கைப்பிடிப் பக்கமே நின்று தள்ளினேன். ரம்பம் பலகையைப் பிடுங்கி முள்வேலியில் வீசியது.

"பலகைய பறக்க வுடவா மாமா இம்மாம் பாடு?" ஜான்சி சிரித்தாள். "பல்லு உன்ன வுட்டு அந்தாண்ட ஓடுது பாரு. அது எதிர்க்க வர்ற பக்கமா நில்லு."

சுவிட்சை அணைத்துவிட்டுச் சுற்றிப் போய் நின்றேன். இம்முறை பலகை மெல்ல முரண்டியபடியே உள்ளே போனது. அறுத்த இரண்டையும் சேர்த்துப் பிடித்தோம். நடுவில் வெளிச்சம் தெரியவில்லை.

"கடலூர் பஸ்சு வந்துரும். கதவுக்குக் கீலு வாங்கியாறேன்" என்று ஓடினாள்.