பூவைக் கிள்ளிவிட்டு நடு

செடித் தட்டை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு, குட்டி பக்கவாட்டில் நடந்து பால்கனிக்குப் போகப் பார்த்தாள். ஐம்பத்தெட்டு வயதில் செய்கிற காரியமா என்று கேட்டால், அக்கா இருக்கிற வீட்டில் அவளுக்கு எப்போதும் எட்டு வயதுதான். அக்காவின் கட்டிலை நேற்றுதான் பால்கனிக் கதவோரம் இழுத்துப் போட்டிருந்தார்கள்.

"பூத்த செடியா வாங்கிட்டு வந்த?" என்றாள் அக்கா, கண்ணைத் திறக்காமலே.

"இல்லக்கா."

"பொய் சொன்னா உனக்கு மூச்சு வாங்கும். இப்ப வாங்குது."

அக்கா முப்பத்தாறு வருஷம் சட்டைத் தொழிற்சாலையில் செக்கிங் பார்த்தவள். பொத்தான் நூலளவு தள்ளியிருந்தாலும் சட்டையைத் திருப்பி அனுப்பியவளிடம் எதை மறைப்பது? குட்டி தட்டை முன்னால் கொண்டுவந்தாள். நான்கு மஞ்சள் சாமந்தி, மூன்று ஊதாப் பெட்டூனியா, எல்லாம் பூத்துக் குலுங்கின. ஓரத்தில் ஒரு புதினா.

காலையில் வந்த நர்ஸ் வாசலில் நின்று, "இன்னைக்கோ நாளைக்கோம்மா, பக்கத்துலயே இருங்க" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தாள். பக்கத்தில் இருக்காமல் குட்டி செடிக்கடைக்கு ஓடினாள். பால்கனித் தொட்டிகளுக்கு வருஷா வருஷம் செடி தேர்ந்தெடுப்பது அக்காதான். பூக்காத நாற்றாகப் பார்த்துத்தான் வாங்குவாள். பூக்க மூன்று வாரமாகும். மூன்று வாரத்துக்கு எங்கே போவது? இந்த வருஷப் பூவை அக்கா பார்த்துவிட வேண்டும். குட்டிக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான்.

"புதினாவத் தனித் தொட்டியில வை," அக்கா விட்டுவிட்டுப் பேசினாள். "இடம் குடுத்தா மடத்தப் புடுங்கும். நம்ம அத்தை மாதிரி."

இரண்டு நாள் தங்க வந்து பதினோரு வருஷம் இருந்த அத்தை. குட்டி சிரித்துவிட்டாள். அக்காவின் உதடும் லேசாகக் கோணியது.

மண்ணைக் கிளறி, பழைய வேர்களை எடுத்துப் போட்டு, ஒவ்வொன்றாக நட்டாள். அக்கா கண்ணைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இப்ப பூவெல்லாம் கிள்ளு."

"இன்னைக்கு வேணாம்க்கா."

"பூ இருந்தா சத்தெல்லாம் அதுக்கே போயிடும். வேர் பிடிக்காது. பத்து நாள்ல செடி படுத்துடும்."

"படுத்தா படுக்கட்டும். நீ பாக்கணும்னுதான் வாங்குனேன்."

 அக்காவின் கண் பூக்களின் மேல் நின்றது.

"பாத்துட்டேன். மஞ்சள் நாலு, ஊதா மூணு. நல்லா இருக்கு. ஆனா நான் பாக்கறதுக்கா நடுற? பத்து நாள் கழிச்சு காலைல எழுந்து எதுக்குடி தண்ணி ஊத்துவ? காஞ்ச குச்சிக்கா?"

குட்டிக்குக் கோபம் கோபமாக வந்தது. மூச்சே பாதிதான் வருகிறது, இதில் அதிகாரத்துக்கு ஒன்றும் குறைச்சல் இல்லை. வெடுக்கென்று ஒரு சாமந்தியைப் பிய்த்தாள்.

"காம்போட கிள்ளு. கிள்ளினத மண்ணுலயே போட்டு மூடு. உரம்."

காம்போடு கிள்ளினாள். மண்ணைத் தள்ளி மூடினாள். ஊதாப்பூவுக்கு வரும்போது எதிரில் எதுவும் தெரியவில்லை. முழங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு கிள்ளினாள். கடைசியில் தொட்டிகளில் வெறும் பச்சைதான் மிச்சம்.

"போதுமா?"

அக்கா ஒவ்வொரு தொட்டியாகப் பார்த்தாள். அவசரமே இல்லை.

"பாஸ்," என்றாள். குறையில்லாத சட்டைக்குச் சொல்கிற வார்த்தை.

அதற்கப்புறம் அவள் பேசவில்லை. குட்டி மண் கையோடு அவள் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். மூன்றரை மணி வாக்கில் ஒரு மூச்சு போனது. அடுத்ததற்காக வெகுநேரம் காத்திருந்தாள்.

மாடி வீட்டு டீச்சர்தான் வந்து போன் பண்ண வேண்டியவர்களுக்குப் பண்ணினாள். போர்வையைச் சரிசெய்தாள்.

"தலைமாட்டுல ரெண்டு பூ வைக்கலாம். காலைல நீங்க தட்டு நிறைய கொண்டு போனீங்களே." பால்கனிக்குப் போய் எட்டிப் பார்த்தாள். "என்னங்க, ஒண்ணுல கூட பூ இல்லையே?"

"வரும்," என்றாள் குட்டி. "மூணு வாரம் ஆகும்."

நட்ட செடிக்குத் தண்ணீர் விடவே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. எழுந்து போய்ச் சமையலறைக் குழாயில் குவளையைப் பிடித்தாள்.