வாயிலில் நிறுத்தப்பட்டவர்

“அவர ஒக்கார வைக்காதம்மா. அந்த மனுசன் ஒக்காந்து நான் பாத்ததே இல்ல.”

“நீங்க பாத்தது படையில, மாமா. நான் பாத்தது பள்ளிக்கூடத்துல. கரும்பலகை பக்கத்துல இல்லன்னா அவரு எங்கப்பாவே இல்ல.”

“உயிரோட இருந்தப்பவே யாரு சொல்லியும் கேக்காத ஆளு. செத்தப்புறம் நீ சொன்னபடி இருந்துடுவாரா?”

இவ்வாறு இறந்தவரின் மகளும் அவருடைய பழைய படைத்தோழரும் சொல்லாடிக்கொண்டிருந்த பொழுதில், புவேர்த்தோ ரிக்கோவின் நடுமலைகளுக்குப் பின்னே கதிரவன் மெல்லச் சாய்ந்துகொண்டிருந்தான். காப்பித் தோட்டங்களின் கரும்பச்சைச் சரிவுகளிலிருந்து மூடுபனி, வழிதவறிய மந்தையைப் போல ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு எழுந்து, வாழைத்தோப்புகளை விழுங்கி, கோயில் மணிக்கூண்டைப் பாதியளவு மறைத்து, சிற்றூரின் கடைசித் தெருவிலிருந்த அந்தத் தகரக்கூரை வீட்டின் வாயிலில் வந்து, உள்ளே நுழைய இசைவு கேட்பதுபோல் தயங்கி நின்றது. இலைகளுக்கடியில் நகமளவேயுள்ள கோக்கித் தவளைகள் இரண்டு சுரங்களில் ஓயாது கூவத் தொடங்கியிருந்தன. வீட்டின் கதவு திறந்தே கிடந்தது. அவ்வீட்டில் அது எந்நாளும் தாழிடப்பட்டதில்லை.

உள்ளே, மறுநாட்காலை மண்ணுக்குள் செல்லவேண்டிய எரிபெர்த்தோ ஒக்கேந்தோ, மருந்தேற்றப்பட்ட உடலோடு, எக்கோலத்தில் ஊராருக்குத் தோன்றுவதென்று முடிவாகாமல் காத்திருந்தார். இறந்தோரைப் பெட்டியில் கிடத்தாமல், வாழ்ந்த கோலத்திலேயே இருத்தி விடைகொடுக்கும் வழக்கம் எங்கள் தீவில் அப்போது பரவியிருந்தது. படகோட்டியைத் துடுப்போடும், தோமினோ ஆட்டக்காரரைக் காய்களோடும் அமர்த்தி, அவரருகிலேயே அமர்ந்து காப்பி பருகியவர்கள் நாங்கள். ஆயின் ஒக்கேந்தோ வாழ்ந்தது ஒரே வாழ்வன்று. இளமையில் அமெரிக்கப் படையில் சேர்ந்து கொரியப் பனிமலைகளில் போரிட்ட சார்ஜன்ட். நடுவயதில் புயலும் வெள்ளமும் வரும்போதெல்லாம் மக்களை மீட்டுவந்த ஊர்க்காவல் அலுவலர். முதுமை தொட்டபின் சிறுவர்க்குக் கணக்குக் கற்பித்த ஆசிரியர். எனவே பழைய படைவீரர் மோன்செராத்தே பித்தளைப் பொத்தான்கள் மின்னும் படையுடையைக் கொண்டுவந்திருந்தார். ஊராட்சியினர் மஞ்சள் மழையங்கியை அனுப்பியிருந்தனர். ஒரே மகளான நெரேய்தா பள்ளியிலிருந்து கரும்பலகையைச் சுமந்து வந்திருந்தாள். ஒரு கிழவரை அடக்கம் செய்ய மூன்று பெட்டிகள் வேண்டியிருக்குமென்று வந்தவர்கள் வேடிக்கை பேசினர்.

நெரேய்தாவோ சிரிக்கவில்லை. தந்தை அவளோடு வானிலை பேசினார், வாய்பாடு பேசினார். தம்மைப் பற்றி மட்டும் ஒரு சொல்லும் பேசியதில்லை. படையுடையை அவர் அணிந்து அவள் கண்டதே இல்லை. பொய்யான கோலத்தில் அவரை அனுப்பிவிட்டால், வாழ்நாளெல்லாம் அறியாத மனிதரை இறுதியிலும் அறியாமலே புதைத்தவளாவோமே என்னும் அச்சம், தொண்டையில் சிக்கிய மீன்முள்ளைப் போல் அவளை வருத்தியது.

மகளின் சொல்லே முதலில் வென்றது. உடலை ஒப்பனை செய்யக் கடற்கரை நகரிலிருந்து வந்திருந்த தாமாரிஸ் என்பவள், அவரை நாற்காலியில் அமர்த்தி, வலக்கையை உயர்த்திக் கரும்பலகையில் சுண்ணக்கோல் படுமாறு மறைகம்பியால் பிணைத்துவிட்டு, அடுக்களைக்குக் காப்பி பருகச் சென்றாள். திரும்பி வந்தபோது சுண்ணக்கோல் தரையில் நொறுங்கிக் கிடந்தது. கை கீழிறங்கி, எதிரில் நிற்கும் ஒருவரின் தோளைத் தொடுவதற்கென நீண்டது போல், உள்ளங்கை கவிழ்ந்து காற்றில் நின்றிருந்தது.

தளர்ச்சியென்று எண்ணி அவள் மீண்டும் கட்டினாள். கை மீண்டும் அங்கேயே வந்தது. மோன்செராத்தே, தாம் சொன்னது மெய்யாயிற்றென்று மகிழ்ந்து படையுடையை அணிவித்து, நிமிர்த்தி நிறுத்தி, நெற்றியருகே வணக்கக் கையை வைக்கச் சொன்னார். அனைவரும் பார்த்திருக்கையிலேயே, நீரில் அமிழும் இலையைப் போல அத்துணை மெதுவாக, அந்தக் கை நெற்றியை விட்டிறங்கித் தோளுயரத்தில் நின்றது. மழையங்கி அணிவித்தபோதும் அவ்வாறே.

“நான் கட்டினது அசையாதுக்கா,” என்றாள் தாமாரிஸ், நெரேய்தாவின் காதருகே. “இத்தன வருசத்துல ஒரு விரல்கூட அசஞ்சதில்ல. இது நான் வெச்ச எடம் இல்ல. அவரு வெச்சுக்கிற எடம்.”

அப்போதுதான் நெரேய்தாவின் நெஞ்சில் ஒன்று விழித்தது. அந்தக் கையை அவள் அறிவாள். உலாச் சென்று திரும்பும் மாணவரை வகுப்பின் வாயிலில் நின்று ஒவ்வொருவராகத் தோள்தொட்டு உள்ளே விட்ட கை அது. பெருவெள்ளத்தின்போது சரக்குந்தின் பின்புறம் நின்று, நனைந்து இறங்கியவர்களைத் தோள்தொட்டுப் பள்ளிக்குள் அனுப்பியதும் அதுவே. அன்று சாரல் உள்ளே அடிக்கிறதென்று எல்லோரும் முறையிட்டும், இன்னும் ஒருவர் வரவேண்டுமென்று கூறிக் கதவைச் சாத்த மறுத்தார். வீட்டிலும் அப்படியே, திறந்த கதவு வழியே தவளைகள் படுக்கைவரை வருகின்றனவே என்று தாய் புலம்பியபடியே வாழ்ந்து மறைந்தாள்.

“மாமா,” என்றாள் அவள். “அங்க சண்டையில அவரு எந்த வாசல்ல நின்னாரு?”

மோன்செராத்தே தம் தொப்பியைக் கழற்றினார். பின்னர், குன்றைக் கைவிட்டுப் பின்வாங்கிய அந்தப் பனிக்காலைப் பற்றிச் சொன்னார். முள்வேலியின் இடைவெளியில் ஒக்கேந்தோ நின்று, திரும்பி வந்த ஒவ்வொரு வீரனையும் தோள்தொட்டு உள்ளே விட்டார். இந்த மலைக்கு அப்பாலுள்ள ஊரைச் சேர்ந்த இலாரியோ என்னும் இளைஞன் மட்டும் வரவில்லை. வேலியை மூடுமாறு மேலிடத்துக் கட்டளை வந்தது. தம் கையாலேயே மூடினார். மூடியபின், கண்ணை மறைத்த பனிப்பொழிவுக்குள்ளிருந்து ஒரு குரல், எங்கள் இசுபானிய மொழியிலேயே, உள்ளே வரலாமா என்று கேட்டது. எங்கள் மொழியில் கூப்பிட்டுச் சுடுவது பகைவரின் சூழ்ச்சியாயிருந்த காலம் அது. குரலுக்கு உரியவன் யாரென்று எவருக்கும் தெளிவாகவில்லை.

“தெறக்கல. பதிலும் சொல்லல. பனி விட்டப்புறம் போய்ப் பாத்தோம், யாருமே இல்ல. அடிச்சுவடுகூட இல்லம்மா. அன்னையிலேர்ந்து எந்தக் கதவையும் அவரு மூடினதில்ல.”

படையுடையும் மழையங்கியும் மடிக்கப்பட்டன. வெளுத்துப் பழகிய அவருடைய பருத்திச் சட்டையை அணிவித்து, திறந்த வாயிலின் பக்கத்தில் அவரை நிறுத்தினர். கை தானாகவே தன்னிடத்தில் அமைந்தது. கம்பி எதுவும் வேண்டியிருக்கவில்லை. ஊரார் ஒவ்வொருவராக அதன்கீழ் நுழைந்தனர். நரைத்த மாணவர் சிலர் சிறுவரைப்போல் தலைகுனிந்து வந்தனர். நுழைந்தவருள் பலர் தம் தோளைத் தடவிப் பார்த்துக்கொண்டதை, படிப்பவரே, எவ்விதம் விளக்குவது? இஞ்சி மணக்கும் காப்பியும் பாலாடைக்கட்டியும் கைமாறின. தோமினோக் காய்கள் பலகையில் ஒலித்தன.

இருள் முற்றி மழை பிடித்தது. சாரல் இறந்தவரின் முகத்தில் தெறித்து, வெம்மையான கோடுகளாய் வழிந்தது. நெரேய்தா அதைத் தன் கைக்குட்டையால் ஒற்றினாள். வாழ்நாள் முழுதும் கதவருகே நின்று நின்று தேய்ந்த இந்த மனிதருக்கு இனியேனும் ஒருவர் ஓய்வு தரவேண்டுமென்றும், அவ்வொருவர் தானே என்றும் அவளுக்குத் தோன்றியது.

“சாத்திடும்மா,” என்றார் மோன்செராத்தே, அவளுடைய எண்ணத்தைப் படித்தவராய். “வரவேண்டியவங்க எல்லாரும் வந்தாச்சு. அவரு தூங்கட்டும்.”

துருவேறிய கீல்கள் முனகின. முக்காற்பங்கு கதவு மூடியிருக்கையில், தோட்டமெங்கும் ஒலித்த தவளைகளின் கூவல், ஒரே கையால் அணைக்கப்பட்ட விளக்குகளைப் போல ஒருங்கே நின்றது. எஞ்சிய இடைவெளியில், படிக்கட்டின் கீழே, தாடியரும்பாத ஓர் இளைஞன் நின்றிருந்தான். எங்கள் வெப்பமழை அவன்மேல் பொழிந்துகொண்டே இருந்தது. ஆயினும் அவனுடைய இரு தோள்களிலும் படிந்திருந்த வெண்பனி கரையவில்லை. அவன் நெரேய்தாவைப் பார்க்கவில்லை. அவள் பின்னால், தோமினோப் பலகையருகே, மோன்செராத்தே மெல்ல எழுந்து நின்றார். நீட்டியிருந்த அந்தக் கையை மட்டுமே நோக்கியபடி, நெடுந்தொலைவு நடந்து களைத்தவனின் குரலில், அந்த இளைஞன் கேட்டான்:

“சார்ஜன்ட், ரொம்பக் குளுருது. உள்ள வரலாமா?”