விருந்தாளிக் கட்டில்

"இது டெட் ஸ்பேஸ் சார்" என்று என் அறையைப் பார்த்து அந்த இன்டீரியர் டிசைனர் சொன்னபோது, நான் அந்த அறைக்குள்தான் தூங்கிக்கொண்டிருந்தேன். அரைத் தூக்கத்தில் காதில் விழுந்தது. கதவைத் திறந்து, ஜன்னலில் தொங்கிய கறுப்புத் திரையையும், போர்வைக்குள் சுருண்டு கிடந்த என்னையும் பார்த்துவிட்டு, செத்த இடம் என்று சொல்லியிருக்கிறார் மனிதர். சொல்லிவிட்டுக் கதவைச் சத்தம் வராமல் சாத்தினார். அந்த மரியாதையை நான் மறுக்கவில்லை.

நான் நர்ஸ். எனக்கு எப்போதும் இரவுப் பணிதான். ஊர் தூங்கும்போது விழித்திருப்பேன், ஊர் எழுந்ததும் வந்து படுப்பேன். அப்பா அம்மா போன பிறகு அவர்கள் வீடு அண்ணனுக்கும் எனக்கும் பொதுவில் வந்தது. சின்ன வீடு. அண்ணனும் அண்ணியும் முன்னறையில், நான் சமையலறையை ஒட்டிய குட்டி அறையில். ஒரு கட்டில், ஒரு பீரோ, உள்ளே தாழ்ப்பாள் வைத்த ஒரு கதவு. எனக்கு அது போதுமானதாக இருந்தது.

"சமையல்கட்டை மட்டும் கொஞ்சம் மாத்தறோம். ஒரே தூசியா இருக்கும். அதுவரைக்கும் நீ ஆஸ்பத்திரி ஹாஸ்டல்ல இருந்துக்கோயேன்" என்றான் அண்ணன். நானும் பையைத் தூக்கிக்கொண்டு போனேன். நடுவில் போன் செய்து எப்படிப் போகிறது என்று கேட்டால், "வந்து பாரு, அசந்துடுவ" என்பான். நம்பினேன். அண்ணன் சொன்னால் நம்பாமல் வேறு யார் சொல்லி நம்புவது?

வந்து பார்த்தேன், அசந்துதான் போனேன். வீடு இருந்தது, சுவர்களைக் காணோம். வாசலில் நின்றால் அடுப்பு தெரிந்தது. அடுப்புக்கு முன்னால் பளபளவென்று ஒரு மேடை, அதைச் சுற்றி உயரமான முக்காலிகள். அலமாரிகளில் பிடியே இல்லை, எதைத் தொட்டால் எது திறக்கும் என்று தெரியவில்லை. தண்ணீர் குடிக்க ஃப்ரிட்ஜைத் தேடினேன், துடைப்பம் வந்து காலில் விழுந்தது. பின்சுவர் இருந்த இடத்தில் தரையிலிருந்து கூரை வரைக்கும் கண்ணாடி. வெயில் கேட்பாரில்லாமல் உள்ளே வந்து உட்கார்ந்திருந்தது.

"என் ரூம் எங்கண்ணா?" என்றேன்.

"இப்ப நீ நிக்கற இடம்தான். ஓப்பன் கிச்சன். ரெண்டு சுவரை எடுத்ததும் வீடு எவ்வளவு பெருசா தெரியுது பாரு."

"என் கட்டில்?"

அதற்காகவே காத்திருந்தவன் போல, ஓரத்தில் இருந்த தன் ஆபீஸ் மேஜையிடம் கூட்டிக்கொண்டு போனான். அண்ணனுக்கு வீட்டிலிருந்தே வேலை. மேஜைப் பலகையை மடித்தான், பின்னால் இருந்த பலகையை இழுத்தான், சுவருக்குள்ளிருந்து மெத்தையோடு ஒரு கட்டில் இறங்கியது. "விருந்தாளி வந்தா இறக்கிக்கலாம். மத்த நேரம் சுவருக்குள்ள இருக்கும். இடமே அடைக்காது."

எங்கள் வீட்டுக்கு விருந்தாளி என்று வருவது பெரிய மாமா ஒருவர்தான். அவரும் காபியைக் குடித்துவிட்டு, இருட்டுவதற்குள் பஸ் பிடிக்க வேண்டும் என்று ஓடிவிடுவார்.

"அப்ப நான் எங்க படுக்கறது?"

"இதுலயே படு. யாரு வேணாம்னா? என் வேலை சாயங்காலம் முடிஞ்சிடும், அப்புறம் நீ இறக்கிக்கோ."

"சாயங்காலம் நான் டியூட்டிக்குக் கிளம்பிடுவேனே."

அண்ணன் கட்டிலைப் பார்த்தான், மடித்த மேஜையைப் பார்த்தான். அப்போதுதான், அந்த நிமிஷத்தில்தான், அது அவனுக்கு உறைத்தது. அவன் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டேன். வேண்டுமென்றே செய்திருந்தால்கூட நாலு வார்த்தை கேட்டுச் சண்டை போட்டு ஆறியிருப்பேன். நினைத்தே பார்க்கவில்லை என்றால் என்ன செய்வது?

அண்ணிதான் பிறகு மெதுவாகச் சொன்னாள். டிசைனர் முதல் நாள் கேட்ட கேள்வியே, ராத்திரி இந்த வீட்டில் எத்தனை பேர் தூங்குவீர்கள் என்பதுதானாம். அண்ணன் யோசிக்காமல் "ரெண்டு பேர்" என்றானாம். உண்மையைத்தான் சொல்லியிருக்கிறான். அந்த உண்மையை வைத்து அவர் வீட்டை வரைந்துவிட்டார்.

"நீங்களாவது சொல்லியிருக்கலாமே அண்ணி."

"நான் அடுப்பு எங்க வரும்னு பாத்துட்டு இருந்தேன்மா" என்றாள் அண்ணி. அவளும் பொய் சொல்லவில்லை.

சோஃபாவுக்கு வந்து சேர்ந்தேன். ஹாலுக்கு நடுவில், அடுப்புக்கு எதிரில், கண்ணாடிக்குப் பக்கத்தில் அந்தச் சோஃபா. நான் கண்ணை மூடும் நேரத்துக்கு மிக்ஸி கத்தத் தொடங்கும். அது ஓய்ந்தால் குக்கர். அது அடங்கினால் அண்ணனின் மீட்டிங். யாரோ ஒரு மேனேஜர் பேச்சுக்குப் பேச்சு "ஒரு நிமிஷம்" என்பார், ஒரு நிமிஷத்தில் அவர் எதையும் முடித்ததே கிடையாது. கண்ணில் துணியைக் கட்டிக்கொண்டேன், காதில் பஞ்சை வைத்துக்கொண்டேன். கண்ணாடியில் என் பழைய கறுப்புத் திரையை மாட்டினேன். வேலை மிச்சத்தை முடிக்க வந்த டிசைனர் அதைக் கழற்றி மடித்துக் கையில் கொடுத்தார். "லைட் போயிடும் மேடம், வீட்டோட அழகே லைட்தான்." லைட் போனால்தான் நான் தூங்க முடியும் என்றேன். சிரித்தார், நான் ஏதோ ஜோக் அடித்தது போல.

இன்னொன்றும் நடந்தது. எங்கள் வீட்டை மாதிரி வீடாகக் காட்ட அவர் ஆட்களைக் கூட்டிவர ஆரம்பித்தார். ஒரு நாள் சோஃபாவின் துணியைத் தொட்டுப் பார்க்க ஓர் அம்மாள் என் தலையணையைத் தூக்கினார். தலையணை மேல் என் தலை இருந்தது. "உடம்பு சரியில்லையா இவங்களுக்கு?" என்று அண்ணியைக் கேட்டார். எனக்கு வந்த கோபத்துக்கு எழுந்து அவரையே அந்தச் சுவருக்குள் மடித்து வைத்திருப்பேன். எழுந்திருக்கத் தெம்பில்லை.

அப்படியே நாட்கள் ஓடின. தூக்கம் இல்லாதவளுக்கு முதலில் கோபம் வரும், பிறகு கோபம்கூட வராது. பஸ்ஸில் நின்றபடியே கண் சொக்கும். வார்டில் யார் பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும் எங்கோ தூரத்திலிருந்து கேட்கும்.

ஒரு நாள் பணி முடியும் நேரம், விடிந்துகொண்டிருந்தது. சாப்பாட்டுக்கு முன் போட வேண்டிய இன்சுலினை ஊசியில் ஏற்றிக்கொண்டு போனேன். கட்டிலில் இருந்த பெரியவரின் சட்டையை விலக்கிப் பஞ்சால் துடைத்தேன். அவர் என்னைப் பார்த்து, "எனக்குச் சக்கரை இல்லையேம்மா" என்றார்.

அடுத்த கட்டில்காரருக்கான ஊசி அது. பெயர் கேட்க வேண்டும், கைப்பட்டையைப் பார்க்க வேண்டும். கையில் ஊசி பிடித்த நாளிலிருந்து செய்கிற வேலை. அன்று இரண்டும் செய்யவில்லை. மன்னித்துக்கொள்ளுங்கள் என்றேன். "பரவால்லம்மா, பாவம், ராத்திரியெல்லாம் முழிச்சிருக்க" என்றார். மருந்து அறைக்குள் போய் நின்றேன். ஊசியைத் தட்டில் வைத்தேன். அந்த மனிதர் முழித்திருந்தார், பிழைத்தார். தூங்கிக்கொண்டிருந்தால்? தலைமை நர்ஸிடம் நடந்ததை அப்படியே சொல்லிவிட்டு வீட்டுக்குக் கிளம்பினேன்.

அண்ணன் மேஜையில் மீட்டிங்கில் இருந்தான். நேராகப் போய் அவன் காபிக் கோப்பையை எடுத்துத் தரையில் வைத்தேன்.

"என்ன பண்ற? பேசிட்டு இருக்கேன்ல" என்று மைக்கைப் பொத்தினான்.

"எந்திரிண்ணா. கட்டிலை இறக்கணும்."

"இன்னைக்கு ஒரு நாள் சோஃபால படேன், முக்கியமான மீட்டிங்."

"இன்னைக்கு ஒரு ஆளைக் கொன்னிருப்பேன்."

அவன் மைக்கிலிருந்து கையை எடுத்துவிட்டான். இனி நான் சொல்வது அவன் ஆபீஸ் முழுக்கக் கேட்கும். கேட்கட்டும் என்று ஊசி, பெரியவர், எல்லாவற்றையும் சொன்னேன். அழுகை வந்தது, அழுதுகொண்டேதான் சொன்னேன். அந்தப் பக்கம் ஒரு நிமிஷக்காரர்கூட வாயைத் திறக்கவில்லை. அடுப்படியில் அண்ணி அடுப்பை அணைத்தாள். எங்கள் வீட்டில் இப்போது எதற்கும் மறைவு கிடையாது, அதனால் அதையும் பார்த்தேன்.

அண்ணன் லேப்டாப்பை மூடி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு எழுந்தான். "சரி. ஆனா தினம் இப்படின்னா நான் எங்க உக்காந்து வேலை பாக்கறது? எனக்கும் ஒரு இடம் வேணும்ல?"

கேட்டுவிட்டு, தான் கேட்டது தன் காதிலேயே விழுந்தது போல நின்றான். நான் பலகையை மடித்துக் கட்டிலை இழுத்தேன், படுத்தேன். அண்ணி ஒரு கனத்த போர்வையைக் கொண்டுவந்து முக்காலி மேல் ஏறிக் கண்ணாடியை மூடிக் கட்டினாள்.

அடுத்த வாரம் கொத்தனார் வந்தார். சுவர் திரும்ப வருகிறது என்று தெரிந்ததும் டிசைனர் பதறிக்கொண்டு போன் செய்தார். "சார், ஃப்ளோ கெட்டுடும், வீடே சின்னதா தெரியும், சொல்லிட்டேன்."

அண்ணன் தயங்கி என்னைப் பார்த்தான். நான் கையை நீட்டிப் போனை வாங்கினேன்.

"சின்னதாத்தாங்க தெரியும்" என்றேன். "மூணு பேர் இருக்கற வீடு."