ஒரு பேச்சுக்குக் கேட்ட கேள்வி

அழைப்பு மணி அடித்தபோது கோரின் சமையலறை மேசையில் வழக்கு அட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். ஒரு வழக்குக்கு ஓர் அட்டை. மேலே பெயரும் ஆண்டும், நடுவில் கேள்வி, அடியில் தீர்ப்பு. பகலில் அவளுக்கு டயர் கடையில் ரசீது போடும் வேலை. வாரத்தில் இரண்டு மாலை கல்லூரியில் வழக்கறிஞர் உதவியாளர் வகுப்பு. மற்றவர்களுக்கு உடனே புரிவது தனக்கு மட்டும் அரை நாள் தாமதமாகத்தான் புரிகிறது என்று அவள் உறுதியாக நம்பினாள். அதற்காகத்தான் அட்டைகள். அவையும் போதாமல் தினமும் எழுத ஒரு நோட்டு.

அக்கா பெர்னி கையைத் துடைத்துக்கொண்டே போய்க் கதவைத் திறந்தாள். அடுப்பில் வெங்காயம் வதங்கிக்கொண்டிருந்தது.

வாசலில் சாம்பல் நிற ஜாக்கெட் போட்ட ஒருவர் நின்றார். அவருக்குப் பின்னால் சீருடையில் ஒரு பெண் போலீஸ்.

"மிஸ் நோவிக்கி? என் பேரு லாண்ட்ரி, துப்பறியும் பிரிவு. உங்க தம்பி டேல் இருக்காரா?"

"ஆத்துக்கு மீன் பிடிக்கப் போயிருக்கான். ஏன், என்ன ஆச்சு?"

"பெருசா ஒண்ணுமில்ல. பழைய பள்ளிக்கூடத்தைப் புதுப்பிக்கிறாங்கல்ல, அங்க பித்தளை வால்வெல்லாம் காணாம போயிருக்கு. வேலை பார்த்த ஒவ்வொருத்தர் வீட்டுக்கும் போயிட்டு வர்றோம். அஞ்சு நிமிஷம் உள்ள வந்து பாக்கலாமா?"

டேல் அங்கேதான் குழாய் வேலை பார்த்தான். மூன்று வாரத்துக்கு முன் அவனை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். அன்று இந்த வீட்டு சோபாவில் படுக்க வந்தவன் ஒரு பச்சைப் பையையும் கொண்டுவந்தான். கோட்டு மாட்டும் அலமாரியின் அடியில் அதைத் தள்ளிவிட்டு, "இதை யாரும் தொடாதீங்க" என்றான்.

"தாராளமா வாங்க" என்றாள் பெர்னி. "ஆஸ்பத்திரி துணியெல்லாம் நான்தான் துவைக்கிறேன், என் துணியைத் துவைக்கத்தான் நேரமில்ல. அதைப் பாத்து சிரிக்காம இருந்தாச் சரி."

லாண்ட்ரி சிரித்தார். "வீடு பூரா வேண்டாம் மேடம். கோட்டு அலமாரியை மட்டும் பாத்தா போதும்."

கோரினின் கையிலிருந்த அட்டை நின்றது. வாசற்கதவைத் திறந்தால் அந்த அலமாரி கதவுக்குப் பின்னால் மறைந்துவிடும். வாசலில் நிற்பவருக்கு அங்கே அலமாரி இருப்பதே தெரியாது.

எழுந்து வந்து அக்காவின் பக்கத்தில் நின்றாள்.

"வேண்டாம்" என்றாள்.

"என்ன வேண்டாம்?" என்றாள் பெர்னி.

"உள்ள வர வேண்டாம். வாடகைப் பத்திரத்துல என் பேரும் இருக்கு. நான் சம்மதிக்கல."

லாண்ட்ரியின் சிரிப்பு பாதியாகக் குறைந்தது. "சட்டம் படிக்கிறீங்களோ?"

அதுவும் இவருக்கு எப்படித் தெரியும்? வாயைத் திறந்தாலே தெரிந்துவிடும்தான். இருந்தாலும் கோரினுக்கு அந்த அலமாரிதான் மறுபடி நினைவுக்கு வந்தது.

"கோரி, உனக்குப் பைத்தியமா? டேல் என்ன திருடனா? வந்து பாத்துட்டுப் போகட்டுமே!"

"வாசல்ல நிக்கிற ஒருத்தர் வேண்டாம்னு சொல்லிட்டா, இன்னொருத்தர் சரின்னு சொன்னாலும் அது செல்லாது. ஜார்ஜியாவுல நடந்த வழக்கு. ரெண்டாயிரத்து ஆறு."

"ரொம்ப நல்லாப் படிக்கிறீங்க" என்றார் லாண்ட்ரி. "சரி, குளிருது. காருக்கு வாங்க, ஹீட்டர் போட்டிருக்கேன். உக்காந்து பேசலாம்."

கோரினுக்கு அடுத்த அட்டை நினைவுக்கு வந்தது. கலிஃபோர்னியா, இரண்டாயிரத்துப் பதினான்கு. வேண்டாம் என்று சொன்னவனைக் கைது செய்து கொண்டுபோய்விட்டார்கள். ஒரு மணி நேரம் கழித்துத் திரும்பி வந்து வீட்டிலிருந்த பெண்ணிடம் கேட்டார்கள், அவள் சரி என்றாள். அந்தச் சம்மதம் செல்லும் என்றது உச்ச நீதிமன்றம். வேண்டாம் என்ற சொல்லுக்கு, சொன்னவர் அங்கே நிற்கும் வரைதான் உயிர்.

நிலைச்சட்டத்தைப் பிடித்துக்கொண்டாள். "இங்கயே பேசலாம்."

"மிஸ்" என்று பெண் போலீஸ் முதல்முறையாகப் பேசினாள். "அந்த நீலக் கார் உங்களுதா? ஹெட்லைட் எரிஞ்சிட்டிருக்கு. பேட்டரி இறங்கிடும்."

நல்ல தந்திரம் என்று நினைத்தாள் கோரின். தெருப் பக்கம் திரும்பவே இல்லை.

லாண்ட்ரி பெர்னியிடம் தன் பெயர் அட்டை ஒன்றைக் கொடுத்தார். "நீதிபதிகிட்ட வாரண்ட் காகிதம் வாங்கிட்டு வர்றோம். அதுக்குள்ள மனசு மாறினா கூப்பிடுங்க" என்றார். அதைச் சொல்லும்போது அவர் பார்த்தது பெர்னியை மட்டும்தான். இரண்டு பேரும் போய்க் காரில் ஏறினார்கள். கார் தெருவை விட்டுப் போகவில்லை. மூலையிலிருந்த சலவைக் கடைக்கு முன்னால் நின்றுகொண்டது.

வெங்காயம் கருகியிருந்தது. பெர்னி சட்டியைத் தொட்டியில் போட்ட சத்தத்திலேயே அவள் கோபம் தெரிந்தது. "ஒண்ணுமில்லாத வீட்டுல ஏதோ இருக்கிற மாதிரி ஆக்கிட்டே!"

கோரின் நோட்டைப் புரட்டினாள். வியாழக்கிழமைப் பக்கம் வந்தது. "இன்று முதல் தடவையாக நல்ல கேள்வி கேட்டேன். ஆசிரியரே சொன்னார்."

கேள்வி அவளுக்கு எழுத்துப் பிசகாமல் ஞாபகம் இருந்தது. ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். ஓர் அண்ணன் தன் பூட்டிய பையைத் தங்கை வீட்டுக் கோட்டு அலமாரியில் வைத்துவிட்டுப் போகிறான். அதைத் திறந்து பார்க்க தங்கை போலீசுக்குச் சம்மதம் தரலாமா? சட்ட வகுப்பில் எல்லாருமே இப்படித்தான் கேட்பார்கள். ஆனால் அன்று முன்வரிசையிலிருந்து ஹோல்கம் திரும்பி அவளைப் பார்த்தான். ஷெரிஃப் அலுவலகத்தில், அதாவது வட்டாரப் போலீசில், கோப்புகளைப் பார்த்துக்கொள்பவன். திரும்பிப் பார்த்து லேசாகத் தலையசைத்தான். கேள்வியை மெச்சுகிறான் என்று அவள் நினைத்திருந்தாள்.

நான்கு மணிக்கு டேல் பின்வாசல் வழியாக வந்தான். கையில் இரண்டு மீன்.

"கோரி, உன் கார் லைட் எரிஞ்சிட்டே கிடக்கு. பாக்கலையா?"

அவள் திடுக்கிட்டாள். அந்தப் பெண் போலீஸ் உண்மையைத்தான் சொல்லியிருந்தாள்.

பெர்னி நடந்ததையெல்லாம் கொட்டினாள். டேல் முதலில் வாய்விட்டுச் சிரித்தான். "நம்ம வீட்டுலயே ஒரு சுப்ரீம் கோர்ட் இருக்குன்னு தெரியாமப் போச்சே!" என்று கோரினின் தலைமுடியைக் கலைத்தான். பிறகு அவன் கை அப்படியே நின்றது.

"அலமாரின்னா கேட்டான்?"

"ஆமா. வேற எதுவும் வேண்டாம்னுட்டான்" என்றாள் பெர்னி.

"பை அங்க இருக்கிறது நம்ம மூணு பேருக்குத்தான் தெரியும்."

யாரையும் தனக்கு எதிராகவே சாட்சி சொல்ல வைக்க முடியாது. அதற்கும் கோரினிடம் ஓர் அட்டை இருந்தது. ஆனால் இந்தச் சமையலறையில் பேசாமல் இருப்பதே பதிலாகிவிடும்.

"நான்தான்" என்றாள். "வகுப்புல ஒரு கேள்வி கேட்டேன். பேரெல்லாம் சொல்லல. ஒரு அண்ணன்னு மட்டும்தான் சொன்னேன்."

"உனக்கு எத்தனை அண்ணன், கோரி?"

அவள் கேள்வியை முழுசாகச் சொல்லிக் காட்டினாள். பெர்னி இடையில் புகுந்தாள். "சும்மா படிப்புக்காகக் கேட்டிருக்கா, விடு டேல்."

"சும்மாவா? பை பூட்டியிருக்குன்னு எப்படித் தெரியும்? நான் பூட்டுப் போட்டது இங்க வந்து ரெண்டு நாள் கழிச்சு. நீங்க ரெண்டு பேரும் வேலைக்குப் போயிருந்தப்போ." அவன் கோரினைப் பார்த்தான். "இழுத்துப் பாத்திருக்கே."

பார்த்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமை, அவன் குளித்துக்கொண்டிருந்தபோது. சின்னப் பித்தளைப் பூட்டு.

"பெர்னி என்னை நம்புறா, அதான் வாங்கன்னா. நீ நம்பல, அதான் வேண்டாம்னே. சரியா?"

கோரின் அலமாரிப் பக்கம் திரும்பினாள். "அதுல என்ன இருக்கு, டேல்? சொல்லிடேன்."

"வாரண்ட் இருக்கா, மேடம்?"

பெர்னி பழக்கதோஷத்தில் சிரித்துவிட்டு நிறுத்திக்கொண்டாள். டேல் அலமாரியைத் திறந்து பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசலுக்கு நடந்தான். கோரின் ஓடிப்போய்க் கதவில் முதுகைச் சாய்த்து நின்றாள். மதியம் நின்ற அதே இடம். அப்போது தெருவைப் பார்த்து நின்றாள், இப்போது வீட்டைப் பார்த்து.

"வெளிய போகாத. மூலையில கார் நிக்குது. வீட்டுக்குள்ள இருக்கிற பாதுகாப்பு தெருவுல அவ்வளவு கிடையாது."

"அவன் காகிதத்தோட வர்ற வரைக்கும் என்னைப் பிடிச்சு வைக்கிறியா?"

"சத்தியமா இல்ல."

"உன் சத்தியம்!"

அவள் கையை நீட்டி ஜன்னல் திரையை விலக்கினாள். "நீயே பாரு."

அவன் பார்த்தான். சலவைக் கடை முன்னால் அந்தக் கார் புகை விட்டுக்கொண்டு நின்றது. காரை அவன் நம்பினான். அவளை நம்பினானா என்பது முகத்தில் தெரியவில்லை. சோபாவில் பையைப் போட்டு அதன்மேல் தலையை வைத்துப் படுத்தான்.

"அது போற வரைக்கும்தான்."

பெர்னி மீனைக் கழுவப் போனாள். போகிற போக்கில், "உன் கார் லைட்டையாவது போய் அணைச்சிட்டு வா" என்றாள்.

"நான் வெளிய போக முடியாது. நான் இல்லாதப்போ அவர் வந்து கேட்டா நீ சரின்னுடுவே. அது செல்லும்."

"அப்ப சாவியைக் குடு, நான் போறேன்."

கோரின் ஜன்னலைப் பார்த்தாள். மூலையில் இருந்த காரையும், அக்காவின் சட்டைப் பையிலிருந்து எட்டிப் பார்த்த லாண்ட்ரியின் அட்டையையும் பார்த்தாள். "நீயும் வேண்டாம்" என்றாள்.

பெர்னி அவளை உற்றுப் பார்த்துவிட்டு மீனிடம் திரும்பினாள்.

வெளியே ஹெட்லைட்டின் வெளிச்சம் மஞ்சளாகி மங்கிக்கொண்டிருந்தது. கோரின் மேசையில் உட்கார்ந்து நோட்டைத் திறந்தாள். தேதி எழுதினாள். நேரம் எழுதினாள். மூன்று பத்து, மணி அடித்தது.

"இதையும் எழுதப் போறியா?" டேல் கண்ணைத் திறக்காமல் கேட்டான்.

எழுதியதை அடித்துவிட்டு நோட்டை மூடினாள். அவன் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தபோது பைக்குள் உலோகத்தோடு உலோகம் உரசியது. குழாய் வேலைக்கான ஸ்பானர்களாக இருக்கலாம். வால்வுகளாகவும் இருக்கலாம். அவள் அட்டைகளைக் கட்டி ரப்பர் வளையம் போட்டு இழுப்பறைக்குள் வைத்தாள். பிறகு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய் வாசற்கதவை ஒட்டிப் போட்டு உட்கார்ந்தாள்.