இரண்டு ஹாரன்

மாட்டு வண்டி என்றால் மாடு இழுக்கும் என்றுதான் உலகம் நினைத்துக்கொண்டிருக்கிறது. இந்த டிரைவர் ஓட்டிய வண்டியில் மாடு பின்னால் ஏறிச் சொகுசாக நிற்கும்; அதை இழுத்துக்கொண்டு அலைவது அவன் தலையெழுத்து. மாநகராட்சியின் பச்சை லாரி அது. தெருவில் திரியும் மாடுகளைப் பிடித்து நகரத்தின் கோடியிலுள்ள பட்டியில் அடைப்பது வேலை. பின்பக்கம் இறக்கி ஏற்ற ஒரு சாய்பலகை உண்டு, கயிறு வீச இரண்டு ஆட்கள் உண்டு. என்ன வண்டி ஓட்டுகிறாய் என்று யாராவது கேட்டால் ‘கனரக வாகனம்’ என்று சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றிவிடுவான்.

மாடு பிடிக்கிறவனின் அக்கா மாடு வைத்திருந்தாள். வினை வெளியிலிருந்தா வரவேண்டும்?

ஒரே ஒரு மாடுதான். அதற்குப் பெரியவள் என்று பெயர். அக்கா பெற்ற மகள் சின்னவள். மகள் பிறப்பதற்கு முன்பே மாடு வீட்டுக்கு வந்துவிட்டதால் மூத்தவள் பட்டம் மாட்டுக்குப் போய்விட்டது. எத்தனை பிள்ளைகள் என்று கேட்பவர்களிடம் அக்கா, “ரெண்டு பொண்ணு, மூத்தவ சம்பாதிக்கிறா” என்பாள். அதில் பொய்யொன்றும் இல்லை. அக்கா புருஷன் போய்ச்சேர்ந்த பிறகு அந்த வீட்டில் அடுப்பு எரிந்தது பெரியவளின் பாலால்தான்.

அக்கம்பக்கத்து அடுக்குமாடிக்காரர்களுக்குக் கறந்த பால் வேண்டும், ஆனால் மாடு கூடாது. வாசனை மேல் மாடிவரை வருகிறதாம். கொட்டகையைப் பிரிக்க வைத்துவிட்டார்கள். ராத்திரியில் மாடிப்படிக்குக் கீழே கட்டிக்கொள்ளலாம். பகலில் எங்கே வைப்பது? காலைக் கறவை முடிந்ததும் பெரியவள் வேலைக்குப் போகிறவள் மாதிரி தெருவில் இறங்கிவிடுவாள். நாற்சந்தியின் நடுத்திட்டில் படுத்து அசைபோடுவாள். போலீஸ்காரர் கை காட்டினால் நிற்காத பஸ்கூட அவளைக் கண்டால் ஒதுங்கிப் போகும். பொழுது சாய்ந்ததும் யாரும் ஓட்டாமலே வீடு திரும்பிவிடுவாள்.

ஆபீஸில் ஒரு விதி இருந்தது. முதல்முறை பிடிபட்ட மாட்டின் காதில் நீல வில்லை குத்தி, அபராதம் வாங்கிக்கொண்டு விடுவார்கள். இரண்டாம் முறை சிவப்பு வில்லை. மூன்றாம் முறை வில்லையும் கிடையாது, விடுதலையும் கிடையாது. லாரியில் ஏற்றி எங்கோ தூரத்திலுள்ள பெரிய பட்டிக்கு அனுப்பிவிடுவார்கள். அங்கே போன மாட்டைத் திரும்பப் பார்த்தவர்கள் இல்லை. பெரியவள் வேறு வண்டிகளில் மாட்டி, இரண்டு காதிலும் வில்லையோடு நின்றாள்.

“சின்னவளுக்கே நான் இன்னும் ஒரு கம்மல் வாங்கிப் போடல. உங்க ஆபீஸ்ல இவளுக்கு ரெண்டு காதுலயும் மாட்டி அனுப்பிட்டாங்க” என்று அக்கா சிரித்தாள். சிரிப்பு அடங்கியதும், “டேய், இனிமே இவ உன் பொறுப்பு. மாமன்னு பேருக்கு இருக்காத” என்றாள்.

மாமன் யோசித்தான். யோசிக்காமலே இருந்திருக்கலாம். கயிற்று ஆட்கள் வண்டியில் ஏறுவது டீக்கடை முக்கில். அதற்கு முன்பே தனியாக நாற்சந்திக்குப் போய், ஓரமாக நிறுத்தி, இரண்டு முறை சுருக்கமாக ஹாரன் அடிப்பான். பாம், பாம். காய்கறிச் சந்தையில் அள்ளிவந்த காலிபிளவர் தழையை ஜன்னல் வழியாகக் காட்டுவான். பெரியவள் லாரிக்குப் பின்னாலேயே வருவாள். பூட்டிக் கிடந்த ஓர் அச்சகத்தின் பின்சந்தில் அவளை விட்டு, படலைக் கம்பி போட்டுக் கட்டிவிட்டு, ஒன்றும் அறியாத பிள்ளை மாதிரி மாடு பிடிக்கப் போவான். வண்டியில் சிதறிக் கிடக்கும் தழையைப் பார்த்துக் கயிற்று ஆட்களுக்கு விஷயம் தெரிந்துவிட்டது; காட்டிக்கொள்ள மாட்டார்கள். வேலை முடிந்ததும் வந்து திறந்துவிட்டு, அவள் வருகிறாள் என்று அக்கா வீட்டுத் தெருமுனையிலும் அதே மாதிரி இரண்டு ஹாரன் அடிப்பான்; அக்கா காய்த்தோல் வாளியோடு வாசலுக்கு வருவாள்.

சில வாரத்தில் அவளுக்கு எல்லாம் அத்துப்படி ஆகிவிட்டது. காலையில் நடுத்திட்டுக்குக்கூடப் போவதில்லை. பஸ் நிறுத்தத்தின் பின்னால், சாலையிலிருந்து பார்த்தால் தெரியாத மறைவில் நின்று ஹாரனுக்குக் காத்திருப்பாள். நகரத்தின் மற்ற மாடுகளெல்லாம் பச்சை லாரியைக் கண்டால் வாலைத் தூக்கிக்கொண்டு ஓடும். இவள் மட்டும் வாலை ஆட்டிக்கொண்டு வருவாள். அவனுக்கு அதில் பெருமை வேறு. சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்கிறவனுக்கு வைக்கும்போது இனிக்கத்தான் செய்யும்.

அன்று காலை புதிதாக வந்த அதிகாரி டிப்போவிலேயே காத்திருந்தார். வேலை எப்படி நடக்கிறது என்று நேரில் பார்க்க வேண்டுமாம். முன் சீட்டில் ஏறிக்கொண்டார். கயிற்று ஆட்களையும் அங்கேயே ஏற்றியாயிற்று. அக்காவுக்கு ஃபோன் போடலாமென்றால் மனிதர் தோளோடு தோள் இடிக்க உட்கார்ந்திருந்தார். பரவாயில்லை, ஹாரன் அடிக்காமல் நாற்சந்தியைத் தாண்டிவிட்டால் போதும், அவள் மறைவில் நிற்பாள், பிழைத்துக்கொள்ளலாம் என்று கணக்குப் போட்டான்.

பஸ் நிறுத்தத்துக்கு எதிரே ஓர் ஆட்டோ குறுக்கே நின்றது. டிரைவர் பொறுமையின் திருவுருவமாக அதன் பின்னால் நின்றான்.

“ஹாரன் அடிங்களேன்” என்றார் அதிகாரி.

“அது கொஞ்சம் மக்கர் சார்.”

அதிகாரி கையை நீட்டித் தாமே அழுத்திப் பார்த்தார். பாம், பாம். “நல்லாத்தானே இருக்கு” என்றார்.

பெரியவள் பஸ்ஸுக்கும் ஸ்கூட்டருக்கும் நடுவே புகுந்து, கனத்த உடம்பைக் குலுக்கிக்கொண்டு வந்தாள். நேராக டிரைவர் பக்க ஜன்னலில் முகத்தை நுழைத்தாள். தழை இல்லை. சரி போகட்டும் என்று அவன் காக்கிச் சட்டைக் கையை நக்கினாள்.

“தெரிஞ்ச மாடா?” என்று கேட்டார் அதிகாரி.

கயிற்று ஆட்கள் இருவரும் வானத்தில் எதையோ தேடினார்கள். தெரியும் என்று சொன்னால் வேலையும் போகும், மாடும் போகும். தெரியாது என்றால் மாடு மட்டும் போகும். கணக்கு சரியாகத்தான் இருந்தது.

“இல்ல சார். தெரியாது.”

சொல்லி முடிக்கும்வரை அவள் நக்கிக்கொண்டே இருந்தாள்.

அதிகாரி காதுகளைப் பார்த்தார். மூன்றாவது முறை என்றார். சாய்பலகையை இறக்கியபோது கயிற்றுக்கு வேலையே இருக்கவில்லை. வண்டிக்குள் பழைய தழையின் வாசனை இருந்திருக்க வேண்டும். பெரியவள் தானாகவே ஏறி, முன்பக்கக் கம்பிவலையில் மூக்கை வைத்து, அவன் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டாள். பட்டி போய்ச் சேரும்வரை ஒரு சத்தம் போடவில்லை. மாமன் வண்டியில் போகிறவள் எதற்குச் சத்தம் போடப்போகிறாள்?

சாயங்காலம் அக்கா வீட்டு வாசலில் நின்று தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வேறு வண்டி பிடித்துப்போனதாகச் சொல்ல வழியெல்லாம் ஒத்திகை பார்த்துத்தான் வந்திருந்தான். அக்காவின் முகத்தைப் பார்த்ததும் ஒத்திகை மறந்துவிட்டது.

“கயிறு போட்டு இழுத்தாங்களா?” என்றுதான் அவள் முதலில் கேட்டாள்.

“இல்லக்கா. அவளே ஏறிட்டா.”

“அவ எதுக்கு ஏறணும்?”

சொன்னான். ஹாரன், தழை, அதிகாரியின் கை, எல்லாவற்றையும் சொன்னான். தெரியாது என்று சொன்னதை மட்டுமாவது விழுங்கியிருக்கலாம். அதையும் சொல்லித் தொலைத்தான். அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தான். கத்தியிருந்தால் காலில் விழுந்திருப்பான்.

“நான்தான்டா தினமும் சொல்லி அனுப்புவேன்” என்றாள் அக்கா. “மாமன் கூப்பிட்டா மட்டும் போ, வேற யார் கூப்பிட்டாலும் போகாதன்னு.”

மறுநாளே அவன் பட்டியில் போய்க் கெஞ்சினான். விதி விதிதான் என்றார்கள். அந்த வாரமே பெரிய பட்டிக்கு வண்டி கிளம்பியது. அதை ஓட்டும் முறை அவனுக்கு வரவில்லை. அந்த மட்டும் தெய்வம் இரக்கம் காட்டியது.

அதிகாரி விவரமானவர். கயிறில்லாமல் மாடு ஏறியதை அவர் மறக்கவில்லை; கயிற்று ஆட்களைத் துருவித் தழை விஷயத்தையும் கறந்துவிட்டார்; பின்சந்தில் ஒளித்துவைத்ததை மட்டும் அவர்கள் சொல்லவில்லை. எல்லா வண்டியிலும் தழை, எல்லா முக்கிலும் இரண்டு ஹாரன் என்று உத்தரவாயிற்று. டிப்போவில் அத்தனை பேர் முன்னிலையில் டிரைவரின் கையைக் குலுக்கி, அனுபவம் அனுபவம்தான் என்றார். பெரியவள் நக்கிய கை.

அக்கா இப்போது பால் ஊற்றிய அதே அடுக்குமாடி வீடுகளில் பாத்திரம் துலக்குகிறாள். ஞாயிற்றுக்கிழமை அவன் போனான். வழக்கமாக அடுப்படிக்குப் போய்த் தானே டீயை ஊற்றிக்கொள்கிறவன். அன்று அக்கா விருந்தாளிகளுக்கு எடுக்கும் கண்ணாடித் தம்ளரில் கொண்டுவந்து வைத்தாள். பாக்கெட் பால் டீ.

“சக்கரை போதுமான்னு பாருங்க” என்றாள்.

அவன் பிறந்ததிலிருந்து அவள் அவனை ‘டேய்’ என்று தவிர கூப்பிட்டதில்லை.

அப்போது அடுத்த தெருவில் ஏதோ ஒரு வண்டி சுருக்கமாக இரண்டு முறை ஹாரன் அடித்தது. அக்கா கை தன்னால் நீண்டு, காய்த்தோல் போட்டு வைத்திருந்த வாளியை எடுத்தது. வாசல்வரை போனாள். சற்று நேரம் அங்கேயே நின்றாள். பிறகு தெருமுனைக் குப்பைத் தொட்டியில் அதைக் கவிழ்த்துவிட்டு, வெறும் வாளியோடு வந்து, அவன் பக்கம் பார்க்காமல் உள்ளே போனாள்.

அவன் டீயைக் குடித்தான். சர்க்கரை சரியாகத்தான் இருந்தது.